சிவப்பு எச்சரிக்கை லயத்துக்கு எப்போது வந்து சேரும்?

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தபோது, பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது குடியிருந்த லயம் இல்லை. சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. யாருக்கும் தெரியாமல் வந்த சரிவு என்று அதைச் சொல்ல முடியாது. அந்த இடம் ஆபத்தானது, குடியிருப்பவர்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை எங்கே தேங்கி நின்றது என்பதுதான் பிறகு எழுந்த வாதம். சொன்னோம், போகவில்லை என்றது ஒரு தரப்பு. போக இடம் காட்டவில்லையே என்றது மறு தரப்பு.

அதற்குப் பிறகு கருவிகள் பெருகியிருக்கின்றன. மலைகளில் தானியங்கி மழைமானிகள் நிற்கின்றன. மழை எவ்வளவு பெய்தது என்ற கணக்கு கொழும்புக்கு உடனே போகிறது. அதை வைத்துத்தான் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிற எச்சரிக்கைகள் வெளியாகின்றன. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் மூட்டை கட்டித் தயாராக இருக்க வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ வெளியேறிவிட வேண்டும். ஹட்டன் பக்கம் மே மாதத்துக்குப் பிறகு அடை மழை. ஊவாவில் நமக்கு ஆபத்தான காலம் ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நீளும். தீபாவளி வேலைகளோடு மழைக் கணக்கையும் பார்க்க வேண்டிய மாவட்டம் நமது பதுளை.

இந்த எண்கள் தோட்டத்துக்கு எப்படி வருகின்றன என்று பாருங்கள். எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவின் பெயரில் வெளியாகிறது: ஹல்துமுல்ல, ஹாலிஎல, பசறை, ஊவா பரணகம என்று. லயத்தில் இருப்பவரைக் கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்வார், டிவிஷனைச் சொல்வார், மேல் கணக்கு பணிய கணக்கு என்பார். தன் பிரதேச செயலகப் பிரிவின் பெயரோ கிராம சேவகர் பிரிவின் பெயரோ தெரியாதவர் பலர். கடிதமே தோட்டத்து ஒபீஸ் வழியாக வந்து பழகிய இடத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. ஆக, வானொலியில் தன் மலை இருக்கும் பிரிவின் பெயரையே வாசித்தாலும் அது தன் மலை என்று அவருக்குப் புலப்படாது. மழைமானியைப் பொருத்திய பொறியியலாளருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. பிரதேச செயலகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது மொழி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டை உலுக்கியபோது 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. எச்சரிக்கைகள் தமிழில் பிந்தியும் குறைவாகவும் வந்தன என்ற குற்றச்சாட்டு அப்போது பலமாக எழுந்தது. மலையகத்தில் பல இடங்களில் மின்சாரம் நின்றது, தொலைபேசி வலையமைப்பும் விழுந்தது. கைப்பேசியை மட்டுமே நம்பிக் கட்டிய எச்சரிக்கை முறை, மிகவும் தேவைப்பட்ட இரவில் ஊமையாகிப் போகும் என்பதை அன்று கண்டோம். கோயில் ஒலிபெருக்கி, பெரட்டுக் களத்து மணி, வீடு வீடாகத் தட்டும் இளைஞர் குழு ஆகியவற்றைப் பழங்காலத்துச் சாமான் என்று தள்ளிவிட முடியாது.

வலையமைப்பு இருக்கும் நேரத்திலோ வேறு தொல்லை. அணை உடைந்தது, இன்னொரு மலை வெடித்தது என்று வட்ஸ்அப்பில் பரவும் குரல் பதிவுகள். பொய்த் தகவல் பரப்புகிறவரைப் பிடிக்க 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பேச்சுரிமையைத் தொடும் சட்டம் என்று அதன்மேல் எழுந்த எதிர்ப்பு இன்னும் ஓயவில்லை. எனக்கு அதில் வேறொரு குறையும் படுகிறது. பொய் சொன்னவரை மன்றுக்கு இழுக்க இவ்வளவு அக்கறை காட்டும் அரசு, மெய்யை உரிய மொழியில் உரிய நேரத்தில் சொல்லத் தவறிய அதிகாரியிடம் அதே அக்கறையோடு கேள்வி கேட்பதில்லை. தமிழில் சரியான செய்தி முதலில் வந்திருந்தால் வதந்திக்குப் பாதி வேலை போயிருக்கும்.

ஆனால் கேட்கும் உரிமை நம்மிடம் இருக்கிறது. அரசியலமைப்பின்படி தமிழ் அரசகரும மொழி. ஹல்துமுல்ல, ஹப்புத்தளை, பண்டாரவளை உட்பட இந்த மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999லேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. மொழியைக் காரணமாக வைத்துப் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது 12ஆம் உறுப்புரை. அறிவித்தல் தமிழில் வரவில்லையென்றால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பதுளை அலுவலகத்துக்கும் போகலாம். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாத அவகாசமே உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், விசாரணை முடியும் வரை அந்தக் காலம் கணக்கில் சேராது. ஆகவே நாளைக் கடத்தாதீர்கள்.

இவற்றையெல்லாம் விடக் கைக்கு எட்டிய ஆயுதம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். விண்ணப்பம் கொடுக்கக் கட்டணமில்லை, தமிழிலேயே கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். சாதாரணமாக 14 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் உயிரோடும் தனிமனித சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்ட கேள்வி என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நான் குடியிருக்கும் லயம் இருக்கும் மலையை ஆராய்ந்தீர்களா, அறிக்கையில் என்ன எழுதினீர்கள், யாருக்கு அனுப்பினீர்கள் என்ற கேள்விகள் உயிரைப் பற்றியவைதானே? 2005இலும் 2011இலும் மீரியபெத்தை மக்களின் கையில் இந்தச் சட்டம் இருக்கவில்லை. இன்று நம் கையில் இருக்கிறது. பதில் வராவிட்டால் 14 நாட்களுக்குள் நியமிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு.

எச்சரிக்கை வந்தாலும் ஆட்கள் ஏன் கிளம்புவதில்லை என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். கிளம்பினால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். கோழி, மாடு, பிள்ளையின் பள்ளிப் புத்தகம் எல்லாம் அங்கேயே. போய்த் தங்கும் பள்ளிக்கூடத்தில் எத்தனை நாள் என்று யாரும் சொல்வதில்லை. மீரியபெத்தையில் தப்பியவர்கள் மாகல்தெனியவில் புது வீட்டுக்குப் போகவே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிடித்தன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மறுபடியும் மண் சரிந்தது, மறுபடியும் முகாம். இதைக் கண்ணால் பார்த்தவர்களிடம் போய், சிவப்பு அறிவித்தல் வந்துவிட்டது, உடனே எழும்பு என்றால் எழும்புவார்களா?

லயத்துக்கு உறுதி கிடையாது. பெரும்பாலான தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம், கம்பனிக்குக் குத்தகை. குடியிருப்பவருக்கு இரண்டிலும் பங்கில்லை. வீடு இடிந்தால் நட்டஈட்டுக்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவது என்ற திண்டாட்டம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. தோட்டங்களில் ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் கொடுக்க 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஒரு அதிகாரசபையே அமைக்கப்பட்டது. ஆனால் மழைமானியில் காட்டிய வேகம் உறுதிப் பத்திரத்தில் இல்லை. ஆபத்தான சரிவில் இருக்கும் குடும்பங்களுக்கு முதலில் காணி என்று வரிசை மாற வேண்டும்; தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சில் காட்டும் பிடிவாதத்தை இதிலும் காட்டலாம்.

அதுவரை நாமே கவனிக்க வேண்டியவை சில உண்டு. நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, மரமும் மின்கம்பமும் சாய்தல், பீலித் தண்ணீர் திடீரெனக் கலங்குவது அல்லது வற்றுவது, இல்லாத இடத்தில் ஊற்று எழும்புவது, கதவு இறுகி மூட முடியாமல் போவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அறிவித்தலுக்குக் காத்திருக்க வேண்டாம், வெளியேறிவிடுங்கள். கான் தூர்ந்து மழைத்தண்ணீர் மலைக்குள் இறங்குவது சரிவுக்குப் பெரிய காரணம். துப்புரவு செய்யாத கான் எது என்பதை எழுத்தில் தோட்ட நிர்வாகத்துக்குக் கொடுத்து, பிரதியைக் கிராம சேவகரிடமும் கொடுத்து வையுங்கள். வாயால் துரையிடம் சொன்னதற்குச் சாட்சி இராது. கழுத்துப் பகுதியை வெட்டிய நேர்ச் சுவருள்ள போத்தலில் அடியிலிருந்து 75, 100, 150 மில்லிமீற்றர் கோடு கீறி வெளியே வைத்தால் வீட்டு மழைமானி ஆயிற்று. வலையமைப்பு விழுந்த இரவிலும் அது கணக்குச் சொல்லும்.

செப்டெம்பர் முடிவதற்குள் உங்கள் டிவிஷனில் பத்துப் பேர் சேர்ந்து பிரதேச செயலகத்துக்குப் போங்கள். அனர்த்த நிவாரண சேவை அலுவலரிடம் உங்கள் லயத்தின் பெயரையும் கிராம சேவகர் பிரிவையும் சேர்த்துப் பதியச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தங்க வைப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996.