ஆறுகின்ற பாதமும் ஆறாத மனமும்

கி.பி. 1344-ஆம் ஆண்டில் இபுனு பதூதா என்னும் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் புத்தளக் கரையில் வந்திறங்கினார். அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு அவர் வேண்டிக்கொண்டது பொன்னன்று, பொருளன்று. மலையுச்சியிலுள்ள பாதச் சுவட்டைத் தரிசிக்க வேண்டும் என்பது ஒன்றே. மன்னரும் மகிழ்ந்து, பல்லக்கும் அதனைச் சுமக்க ஆட்களும் கொடுத்து அனுப்பிவைத்தார். ஒரு பாதச் சுவட்டுக்கு அத்தனை மதிப்பளித்த கரை இது. ஆனால் இதே கரையில் நாள்தோறும் உழைத்துத் தேய்கின்ற பாதங்களுக்கு நாம் அளிக்கும் மதிப்பு எவ்வளவு?

சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், புத்தளம் எனச் சென்று கற்பிட்டி முனை வரையுள்ள கரையெங்கும் வாழ்க்கை பாதங்களின் மீதே நடக்கின்றது. உடப்பிலே கரைவலை இழுப்போர் அம்பா பாடிக்கொண்டு அடிமேல் அடியாகப் பின்வாங்கும்பொழுது, வலையின் பாரம் முழுவதையும் மணலில் புதைந்த குதிகால்களே தாங்குகின்றன. புத்தளத்து உப்பளங்களில் உழைப்போரின் கால்களோ உப்புநீரில் ஊறுகின்றன. ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. இத்தனை நுட்பமாக அமைந்த உறுப்பை, காயப்படும் வரையில் நாம் நினைத்தும் பார்ப்பதில்லை.

திருக்கையின் முள் ஏறுவதும், உடைந்த போத்தல் கிழிப்பதும், தோணியின் கீழ் விரல்கள் நசுங்குவதும் கரையோரத்தில் நேரக்கூடிய விபத்துகளே. திருக்கையின் நஞ்சு வெப்பத்தில் வலுவிழக்கும் தன்மையது. ஆகவே, பொறுக்கக்கூடிய சூடான நீரில், அதாவது ஏறத்தாழ 45 பாகை செல்சியசுக்கு மேற்படாத நீரில், பாதத்தை அரைமணி முதல் ஒன்றரைமணி நேரம் வரை வைத்திருந்தால் வேதனை பெரிதும் தணியும். நீரின் சூட்டை உடன் இருப்பவர் தமது கையால் சோதித்துப் பார்த்தல் வேண்டும். வேதனையில் துடிப்பவருக்குச் சூடு தெரியாமற் போகலாம். காயத்தின் மீது சுண்ணாம்பையோ கோப்பித் தூளையோ அப்புதல் ஆகாது. வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் சில கிருமிகள் சில மணி நேரத்திலேயே சதையை அழிக்க வல்லவை. ஆகையால் சுத்தமான நீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதே அறிவுடைமை. ஏற்பு ஊசியும் அங்கே போடப்படும்.

இவ்வளவும் முதல் நாளின் கதை. அன்று உற்றார் உறவினர் அனைவரும் கூடுவர். கடன்பட்டேனும் வாகனம் பிடிப்பர். நாம் இங்கே பேச விரும்புவது பத்தாம் நாளைப் பற்றியதாகும்.

பத்தாம் நாளில் வேதனை குறைந்திருக்கும்; காய்ச்சல் விட்டிருக்கும். பார்க்க வரும் கூட்டமும் குறைந்திருக்கும். கட்டிலில் உயர்த்தி வைத்த காலைப் பார்த்தபடி படுத்திருப்பவரின் மனம் வீட்டைச் சுற்றுகின்றது. அடைவு வைத்த நகைக்கு வட்டி ஏறுகின்றது. பிள்ளையின் பாடசாலைச் செலவு காத்திருக்கின்றது. வலை போகின்றது, பங்கு போகின்றது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை என்பது உண்மையே. ஆயினும் நாட்கூலியை நம்பி வாழும் குடும்பத்துக்குப் படுக்கையில் கழியும் ஒவ்வொரு நாளும் செலவுதான். “இனி என்ன, துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாமே” என்ற எண்ணம் அப்பொழுதுதான் எழுகின்றது. பாதத்துக்கு இரண்டாவது ஆபத்து பிறப்பதும் அந்த நேரத்திலேதான்.

ஏனெனில் வேதனை நிற்பது வேறு, காயம் ஆறுவது வேறு. தோல் மூடிய மூன்றாவது வாரத்தில்கூட அவ்விடத்தின் வலிமை பழைய தோலின் வலிமையில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். மாதங்கள் பல சென்ற பின்னரும் அது ஐந்தில் நான்கு பங்கைத் தாண்டுவதில்லை. மேலும், பாதம் இதயத்திலிருந்து மிகத் தொலைவில் உள்ளது. காலைத் தொங்கவிட்டால் இரத்தமும் நீரும் அங்கே தேங்கி வீக்கம் உண்டாகும். வீங்கிய சதைக்குப் பிராணவாயு போதிய அளவு எட்டுவதில்லை. தலையணை வைத்துக் காலை உயர்த்துமாறு தாதியர் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுவே.

இந்த உண்மையை உலகுக்கு எடுத்துக் காட்டியதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. தொழுநோயாளரின் உள்ளங்காலில் உண்டாகும் புண்கள் ஆறாமைக்கு நோயே காரணம் என்று முன்னர் பலரும் நம்பியிருந்தனர். 1930-களில் இலங்கையின் அறுவைச் சிகிச்சை நிபுணரான மில்ரோய் போல், அத்தகைய பாதங்களைச் சாந்துக் கட்டினுள் வைத்துச் சிகிச்சை செய்தார். மிதிக்கும் அழுத்தம் ஓரிடத்தில் தாக்காமல் கால் முழுவதும் பரவவே, ஆறாத புண்களும் ஆறின. பின்னர், கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946 முதல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய போல் பிராண்ட் என்னும் மருத்துவர் மற்றோர் உண்மையைத் தெளிவாக்கினார். தொழுநோயாளரின் பாதங்கள் சிதைவது பெரும்பாலும் வலியுணர்ச்சி அற்றுப்போவதனால். வலி தெரியாதவர் புண்ணின் மேலேயே நடக்கின்றார். நடை புண்ணை வளர்க்கின்றது. இன்று நீரிழிவு நோயாளரின் பாதப் புண்களுக்கு உலகெங்கும் இத்தகைய சாந்துக் கட்டு பயன்படுகின்றது. மருந்தின் வலிமையைக் காட்டிலும் மிதிக்காமையின் வலிமை பெரிது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆகவே, கட்டிலில் கிடப்பவர் சும்மா கிடக்கின்றார் என்று எவரும் எண்ணுதல் கூடாது. அவருடைய உடம்பு இரவும் பகலும் வேலை செய்துகொண்டிருக்கின்றது. அந்த வேலைக்குத் தக்க உணவு வேண்டும். மீனும் முட்டையும் கிரந்தி என்று விலக்கிக் கஞ்சியை மட்டும் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. புதிய சதை வளர்வதற்குப் புரதம் இன்றியமையாதது. வைத்தியர் தடுத்தாலன்றி மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றையும், உயிர்ச்சத்து சி மிகுந்த கொய்யா, நெல்லி போன்றவற்றையும் கொடுத்தல் நலம். பீடியும் சுருட்டும் இரத்தக் குழாய்களைச் சுருக்குவன. நோயாளியைப் பார்க்க வரும் நண்பர்கள் அவற்றைக் கொண்டுவராதிருப்பதே உண்மையான நட்பாகும். நீரிழிவு உண்டா என்பதையும் சோதித்து அறிதல் வேண்டும். காலில் முள் குத்தியதே தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால், அது பெருமையன்று, எச்சரிக்கை.

ஓய்வு என்பது உடம்பு முழுவதையும் மரக்கட்டையாக்குவதும் அன்று. அசையாத காலில் தசை மெலியும். இரத்தம் உறையவும் கூடும். வைத்தியரும் இயன்மருத்துவரும் அனுமதித்த அளவில் விரல்களையும் முழங்காலையும் அசைத்து வருதல் வேண்டும். பின்னர் ஊன்றுகோலுடன் நடை பழகும் நாள் வரும். பாரத்தைத் தாங்க வேண்டியது கக்கமன்று, கைகள். முதல் நாள் நான்கு அடி, மறுநாள் எட்டு அடி என்று பொறுமையோடு பயிலுவதே முறை. கடலையே எதிர்த்து நின்ற ஒருவர் நான்கு அடி வைத்ததும் வியர்த்துப்போய் அமர்வதைக் கண்டு எவரும் சிரித்தல் தகாது. உள்ளம் தளரும் நேரமும் அதுவே.

வீடு திரும்பிய பின்பும் கடமை முடிவதில்லை. கிளினிக் கொப்பியில் குறித்த நாளில் தவறாது செல்லுதல் வேண்டும். பாதம் சிவந்தாலும், கறுத்தாலும், சுடுமானாலும், துர்நாற்றம் வீசினாலும் குறித்த நாளுக்குக் காத்திராமல் உடனே செல்லுதல் வேண்டும்.

இவையெல்லாம் நோயாளி ஒருவரால் மட்டும் ஆகக்கூடிய காரியங்கள் அல்ல. வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அறிந்த மனிதரைக் கட்டிலில் கட்டிவைக்க எந்த வைத்தியராலும் இயலாது. கரைவலையின் கயிற்றை ஒருவர் தனித்து இழுப்பதில்லை. பல கைகள் சேர்ந்தே இழுக்கின்றன. ஒருவர் விழுந்தபோது அவருடைய வீட்டுப் பாரத்தையும் பல கைகள் சேர்ந்து இழுத்தல் ஆகாதோ? ஒரு வாரத்து அரிசி, ஒரு மாதத்து வட்டி, பிள்ளைக்கு ஒரு கொப்பி, மனைவி ஆஸ்பத்திரிக்குப் போய்வர பஸ் காசு — இவையும் மருந்துகளே. வீட்டைப் பற்றிய கவலை தணிந்தால் மனம் கட்டிலில் நிலைக்கும். மனம் நிலைத்தால் பாதம் நிலத்தில் படாதிருக்கும். படாத பாதம் ஆறும்.