விசில் எண்ண ஓர் அசிஸ்டென்ட்!

நளபாகம் என்கிறோம், பீமபாகம் என்கிறோம். நளனும் ஆம்பளை, பீமனும் ஆம்பளை. ஆனால் நம்ம வீட்டு நளன்கள் சமையலறைக்குள் எதற்கு நுழைகிறார்கள்? ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணி பாட்டில் எடுக்க!

கோபப்படாதீர்கள் சார், கணக்கோடுதான் பேசுகிறேன். 2019-ல் மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க ஒரு நேரக் கணக்கு எடுத்தது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் கை வைத்த பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள்? 26 பேர்! கை வைத்தவர்களிலும் பெண்களுக்கு நாளைக்கு சராசரி 299 நிமிஷம், ஆண்களுக்கு 97 நிமிஷம்.

இந்தக் கணக்கை ஒரே நாளில் டேலி பண்ண முடியாது. வாரத்தில் ஒரு ராத்திரி சமையலை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். "அப்போ குழந்தையை யார் பார்த்துக்கிறது?" என்கிறீர்களா? அந்த வாண்டுதான் உங்கள் அசிஸ்டென்ட்!

மெனு சிம்பிள். சாதம், தக்காளி ரசம், சுட்ட அப்பளம். முட்டை சாப்பிடுகிற வீடென்றால் ஓர் ஆம்லெட்.

முதல் வேலை, அடுப்பிலிருந்து மூன்றடி தள்ளி தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. லட்சுமணன் கோடு! கோட்டுக்கு உள்ளே நீங்கள், வெளியே வாண்டு. கத்தி, நெருப்பு, மிளகாய் மூன்றும் உங்கள் டிபார்ட்மென்ட். மற்றதெல்லாம் அசிஸ்டென்ட்டுக்கு.

அரிசியை அளந்து போடுவது, களைவது, தக்காளி கழுவுவது, கறிவேப்பிலை உருவுவது, கொத்தமல்லி கிள்ளுவது... நாலைந்து வயசுக்கு இதெல்லாம் தாராளமாக வரும். பூண்டை முதலிலேயே தண்ணீரில் ஊறப் போட்டால் தோலும் உரித்துக் கொடுத்துவிடும்.

குக்கரில் சாதமும் பருப்பும் ஏறியதும் வாண்டுக்கு முக்கியமான பொறுப்பு ஒன்று உண்டு. விசில் எண்ணுவது! "அப்பா, மூணு!" என்று ஹாலிலிருந்து குரல் வரும். "ஏன்ப்பா கத்துது?" என்ற கேள்வியும் வரும். தயாராக இருங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கருக்குள் ஆவி அடைபடுவதால் சுமார் 120 டிகிரி வரை சூடேறும். அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது. ஆவி அதிகமானால் வெளியே வழி தேடுகிறது, விசில்! கடுகு வெடிப்பதும் அதே கதைதான். உள்ளே இருக்கிற துளி ஈரம் ஆவியாகி, தோலைப் பிளந்துகொண்டு கிளம்புகிறது.

அடுத்தது ரசம். இரண்டு பழுத்த தக்காளியை நறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டு, "கையால பிசை" என்று சொல்லுங்கள். வாண்டு உங்களை சந்தேகமாகப் பார்க்கும். நாள் பூரா "தொடாதே", "கொட்டாதே" கேட்ட காதாச்சே!

நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, தக்காளி, தட்டிய மிளகு, சீரகம், பூண்டு, மஞ்சள்தூள், உப்பு சேர்த்துக் கொதிக்க விடுங்கள். பச்சை வாசனை போனதும் பருப்புத் தண்ணீர். நுரை கட்டினால் அடுப்பை அணைத்துவிட வேண்டும். நெய்யில் கடுகு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, மேலே கொத்தமல்லி. அவ்வளவுதான்!

"நான் தனியா செஞ்சா அரை மணி. இது கூட இருந்தா ஒரு மணி ஆகுமே?"

ஆகட்டும் சார். லாபமே அந்த அரை மணியில்தான் இருக்கிறது.

ஆபீஸிலிருந்து வந்து நாம் குழந்தையிடம் கேட்பது என்ன? "ஹோம்வொர்க் முடிச்சியா? ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" பதில் ஒரே வார்த்தை: "ஒண்ணுமில்ல." அதே குழந்தை கறிவேப்பிலை உருவும்போது, யாரும் கேட்காமலே சொல்லும்: "அப்பா, இன்னிக்கு வேன்ல என் பக்கத்துல யாருமே உக்காரல..."

முகத்துக்கு நேரே கேட்டால் வராத பேச்சு, கை வேலையில் இருக்கும்போது தானாக வரும். அப்போது அட்வைஸை ஆரம்பித்துவிடாதீர்கள். "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். போதும்.

இன்னொரு லாபமும் உண்டு. 2014-ல் வெளியான ஒரு சுவிட்சர்லாந்து ஆராய்ச்சி. 6 முதல் 10 வயதுக் குழந்தைகள் 47 பேரை வைத்துப் பார்த்ததில், பெற்றோரோடு சேர்ந்து சமைத்தவர்கள் மற்றவர்களைவிட சாலட்டை அதிகமாகவே சாப்பிட்டார்களாம். ஊட்டிவிட வீடு முழுக்கத் தட்டோடு துரத்துகிறவர்கள் கவனிக்க!

கடைசியாக ஒன்று. சமையல் முடிந்ததும் சிங்க் நிறையப் பாத்திரத்தை மனைவிக்கு விட்டுவிட்டு டி.வி. முன்னால் உட்காராதீர்கள். அதற்குப் பேர் உதவி இல்லை, கடனை வேறு கணக்குக்கு மாற்றுவது! நீங்கள் கழுவுங்கள், அசிஸ்டென்ட் ஸ்பூன் துடைக்கட்டும்.

மறுநாள் வேனில் பக்கத்து சீட்டுக்குச் சொல்ல வாண்டுக்கு ஒரு செய்தி ரெடி: "நேத்து எங்க வீட்ல ரசம் நான்தான் வெச்சேன். எங்கப்பா சும்மா ஹெல்ப்பு!"