லித்தியம் அயனி மின்கல மின்னேற்றம்

லித்தியம் அயனி மின்கல மின்னேற்றம் என்பது செல்பேசி, மடிக்கணினி, மின்சார இருசக்கர வண்டி போன்றவற்றின் மின்கலத்தில் வெளி மின்சாரத்தைக் கொண்டு ஆற்றலைச் சேமிக்கும் செயலாகும். பேச்சு வழக்கில் இது 'சார்ஜ் போடுதல்' எனப்படுகிறது.

செயற்படும் முறை

மின்கலத்தின் எதிர்முனையில் பெரும்பாலும் கிராபைட்டும், நேர்முனையில் லித்தியம் அடங்கிய உலோகச் சேர்மமும் உள்ளன. இடையில் நுண்துளைகள் கொண்ட தடுப்புப் படலமும் மின்பகுளியும் இருக்கும். மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையை விட்டு நீங்கி, மின்பகுளி வழியாகச் சென்று கிராபைட்டு அடுக்குகளுக்கு இடையே தங்குகின்றன. கருவி இயங்கும்போது அவை வந்த வழியே திரும்புகின்றன.

இரு கட்டங்கள்

முதற்கட்டத்தில் மாறா மின்னோட்டம் செலுத்தப்படுவதால் மின்னழுத்தம் உயர்கிறது. செல்பேசி மின்கலங்களில் அது ஏறத்தாழ 4.2 வோல்ட்டை எட்டியதும் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. அப்போது மின்னழுத்தம் மாறாமல் நிறுத்தப்பட, மின்னோட்டம் சிறிது சிறிதாகக் குறைகிறது. காலியான பேருந்தில் முதலில் ஏறுவோர் உடனே அமர்ந்துவிடுவர். கடைசியில் ஏறுவோர் இடம் தேட வேண்டும். கடைசிப் பகுதி நிரம்பத் தாமதமாவதும் இப்படித்தான்.

இடமில்லாதபோதும் அயனிகளைத் திணித்தால், அவை கிராபைட்டின் மேல் லித்தியம் உலோகமாகப் படியும். அப்படிவு ஊசிபோல் வளர்ந்து தடுப்புப் படலத்தைத் துளைத்தால் உட்புறக் குறுக்குச்சுற்று ஏற்பட்டு, எளிதில் எரியக்கூடிய மின்பகுளி தீப்பற்றலாம்.

கட்டுப்பாடு

சுவரில் செருகும் அடாப்டர் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தைக் குறைந்த அழுத்த நேர்திசை மின்சாரமாக மாற்றித் தருகிறது. எவ்வளவு ஏற்பது, எப்போது நிறுத்துவது என்பதைச் செல்பேசியின் உள்ளே இருக்கும் சில்லு முடிவு செய்கிறது. மின்சார வண்டிகளில் மின்கல மேலாண்மை அமைப்பு ஒவ்வொரு கலத்தொகுதியின் மின்னழுத்தத்தையும் வெப்பநிலையையும் கண்காணிக்கிறது.

சில மின்சார வண்டிகள் இறக்கத்தில் வேகம் குறையும்போது மின்னேற்றம் பெறும். ஆனால் முழு மின்னேற்றத்துடன் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கத் தொடங்கினால், தொடக்கத்தில் மேலாண்மை அமைப்பு அந்த மின்சாரத்தை ஏற்காது, அல்லது குறைத்தே ஏற்கும். எனவே அங்கு வழக்கமான பிரேக்கையே கூடுதலாக நம்ப வேண்டும்.

வேலூர் விபத்தும் விதிகளும்

2022 மார்ச்சு மாத இறுதியில் வேலூரில், இரவில் மின்னேற்றத்தில் வைக்கப்பட்டிருந்த மின்சார இருசக்கர வண்டி தீப்பற்றியதில் தந்தையும் மகளும் மூச்சுத்திணறி இறந்தனர். அதே காலத்தில் நாட்டின் பிற இடங்களிலும் இத்தகைய வண்டிகள் எரிந்தன. இதையடுத்து நடுவண் அரசு வல்லுநர் குழு அமைத்து, மின்கலப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகளைக் கடுமையாக்கியது. அவற்றின் முதற்கட்டம் 2022 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

முன்னெச்சரிக்கைகள்

* கருவிக்குரிய மின்னேற்றியையே பயன்படுத்த வேண்டும். ஈய அமில மின்கலத்துக்கான மின்னேற்றி லித்தியம் மின்கலத்துக்குப் பொருந்தாது.
* வெயிலில் ஓடிச் சூடான வண்டியை, ஆறிய பின்னரே மின்னேற்ற வேண்டும்.
* உப்பிய, நசுங்கிய மின்கலத்தை மின்னேற்றக் கூடாது.
* தலையணைக்கு அடியில் செல்பேசியை வைத்து மின்னேற்றக் கூடாது.
* வீட்டை விட்டு வெளியேறும் வழியிலோ மாடிப்படியின் அடியிலோ வண்டியை மின்னேற்றக் கூடாது. தீப்பற்றினால் தப்பிக்கும் வழியே அடைபட்டுவிடும்.