உங்களுக்குத் தெரியுமா?
கடுங்குளிரில் பழைய ராணுவ லாரிகள்

● அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட லாரிகளைப் பொதுமக்களும் ஏலத்தில் எடுக்கிறார்கள். அப்படிப் பல வீட்டு முற்றங்களுக்கு வந்து சேர்ந்த வண்டி எம்35. ரியோ நிறுவனம் 1950-இல் தயாரிக்கத் தொடங்கிய, பத்துச் சக்கர உழைப்பாளி. கரடுமுரடான தடத்திலும் இரண்டரை டன் சுமக்கும்.

● கேபினுக்குக் கூரை வெறும் கேன்வாஸ்தான். ஓட்டுநருக்கான ஹீட்டரும் வண்டியோடு வராது. குளிர்ப் பிரதேசத்துக்கென்று தனியாகப் பொருத்துவார்கள்.

● எம்35ஏ2 வகையின் இன்ஜின் டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள் எதிலும் ஓடும். அவசரத்துக்குப் பெட்ரோலிலும் ஓடும். ஆனாலும் குளிர் அதை விட்டுவைப்பதில்லை. கோடையில் நிரப்பிய டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். மண்ணெண்ணெய் கலப்பதானால் மெழுகு திரளும் முன்பே கலக்க வேண்டும். நம் லடாக்கிலும் இதே சிக்கல்தான். அதற்காகவே மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை 2019-இல் இந்தியன் ஆயில் அறிமுகப்படுத்தியது.

● இந்த லாரிகள் ஓடுவது 24 வோல்ட்டில். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். மைனஸ் 18 டிகிரியில் பேட்டரியின் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே நேரம் ஆயில் கெட்டிப்பட்டு, இன்ஜினைச் சுழற்ற வழக்கத்தைவிட அதிக வலு தேவைப்படும். காலையில் செல்ஃப் எடுக்காததற்கு இதுதான் காரணம். முழுதாக சார்ஜ் ஏறிய பேட்டரி மைனஸ் 50-ஐத் தாண்டினாலும் உறையாது. சார்ஜ் இறங்கியதோ மைனஸ் 10-ஐ எட்டும் முன்பே உறைந்து, பெட்டி புடைத்து விரிசல் விட்டுவிடும். உறைந்த பேட்டரிக்கு சார்ஜ் போடவே கூடாது. வெடிக்கும் ஆபத்து உண்டு. இன்னொன்று: பாட்டுக் கேட்கும் ஆசையில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ரேடியோவுக்கு மின்சாரம் எடுப்பவர்கள் பலர். அந்த பேட்டரி வற்றும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஏறிக் கெடும். இரண்டுமே பாழ்.

● எம்35ஏ2-இல் 'ஃப்ளேம் ஹீட்டர்' என்றொரு ஏற்பாடு உண்டு. இன்ஜினுக்குள் காற்று நுழையும் வழியில் கொஞ்சம் எரிபொருளைத் தெளித்து, தீப்பொறியால் பற்றவைத்துக் காற்றைச் சூடாக்கும். அருமையான யோசனை! ஆனால் அது எரியும்போது ஸ்டார்ட் செய்யும் அவசரத்தில் ஈதர் ஸ்ப்ரே அடித்தால், அங்கேயே வெடிக்கும்.

● ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால், தண்ணீரே சேர்க்காவிட்டால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். சரிபாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும்!

● பிரேக்குக்குக் காற்றழுத்தம் துணை நிற்கிறது. அழுத்தப்பட்ட காற்றிலுள்ள ஈரம் ஏர் டேங்கின் அடியில் தண்ணீராகத் தேங்கும். இரவில் உறைந்து வால்வை அடைக்கும். ஒவ்வொரு நாளும் வண்டியை நிறுத்தியதும் டேங்கின் அடியிலுள்ள குழாயைத் திறந்து, அந்தத் தண்ணீரை வடித்துவிடுவதே வழி. சில நிமிட வேலைதான்; சோம்பினால் மறுநாள் பிரேக் இருக்குமா என்பதே சந்தேகம்.

 

● பனி உருக சாலையில் தூவும் உப்பு, லாரியின் அடிப்பாகத்தை அரிக்கும். எம்35ஏ2-இன் ஹைட்ராலிக் பிரேக்குக்கு ஒரே ஒரு சுற்றுதான். எங்கோ ஓரிடத்தில் இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். ஆகவே, குளிர்காலத்தில் ஓடிய இந்த லாரியை வாங்குபவர்கள் பெயின்ட்டையும் டயரையும் பிறகு பார்த்துக்கொள்ளட்டும். முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, பிரேக் குழாய்களை முழு நீளத்துக்கும் தடவிப் பார்த்துவிட வேண்டும்.