'ஆர்' படுத்திய பாடு



முதலாண்டில் என்னை அரியர் வைக்கச் செய்தது கணக்குமல்ல, இயற்பியலுமல்ல. 'ஆர்' என்ற ஆங்கிலச் சொல்தான்! தமிழ் மீடியத்தில் படித்து வந்தவன் நான். வினாத்தாளில் (அ)-வுக்கும் (ஆ)-வுக்கும் நடுவே நின்ற 'ஆர்' கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. இரண்டையும் விழுந்து விழுந்து எழுதினேன். கடைசி வினாவுக்கு நேரமில்லை. போச்சு!

பிறகு டிஜிட்டல் லேப் வைவா. "ஆர் கேட்டுக்கு ரெண்டு இன்புட்டும் 1 குடுத்தா அவுட்புட் என்னப்பா?"

"ஜீரோங்க சார்!"

சூடு கண்ட பூனையல்லவா நான்? ஏதாவது ஒன்றுதான் கூடும் என்று நினைத்துவிட்டேன். சார் சிரித்துவிட்டார். சரியான விடை 1.

அதன் பிறகே இந்தச் சொல்லைத் தோண்டிப் பார்த்தேன். இடைக்கால ஆங்கிலத்தில் 'அதர்' என்றிருந்தது தேய்ந்து 'ஆர்' ஆனதாம். 'முன்பு' என்று பொருள்படும் வேறொரு 'ஆர்' கூட உண்டு. 1611-ல் வந்த ஆங்கில பைபிளில் அதைக் காணலாம்.

நம்மைக் குழப்புவது 'அல்லது' என்ற பொருள்தான். அதற்கு இரண்டு குணம். ஒன்று, 'இரண்டில் ஒன்று மட்டும்'. மற்றது, 'ஒன்றானாலும் சரி, இரண்டுமானாலும் சரி'. பெரிய மேதைகளுக்கே இதில் கருத்து வேறுபாடு! 1854-ல் ஜார்ஜ் பூல் தம் நூலில், பொது உறுப்பு இல்லாத தொகுதிகளை மட்டுமே கூட்டினார். 1864-ல் ஜெவன்ஸ், இரண்டும் சேர்ந்தாலும் சரியே என்றார். 1937-ல் ஷானன் பூலின் கணக்கை ரிலே, சுவிட்ச் சர்க்யூட்டுகளுக்குக் கொண்டு வந்தார். நம் லேப் கேட்டுக்கு வழி அதுதான்.

நம்மூர் ஸ்பின்னிங் மில்லுக்கு வாருங்கள். டிராஃப்ரேமில் ஒரு ஸ்லைவர் அறுந்தாலும் மெஷின் நிற்கும். இரண்டு அறுந்தாலும் நிற்கும். இது 7432 ஐ.சி.யின் 'ஆர்'. மாடிப்படி விளக்கின் இரண்டு சுவிட்சுகளோ வேறு ஜாதி. ஒன்றைத் தட்டினால் எரியும். மற்றதையும் தட்டினால் அணைந்துவிடும். இது 7486-ன் 'எக்ஸ்-ஆர்'. தேர்வில் என்னைக் கவிழ்த்தது 7486; வைவாவில் கேட்டது 7432!

தமிழ் மட்டும் என்னவாம்? 'அல்லது' என்பதற்குள்ளேயே 'அல்ல' இருக்கிறது. ஆனால் "டீயோ காப்பியோ குடிச்சுட்டுப் போங்க" என்று அம்மா சொன்னால், இரண்டையும் குடித்தாலும் கோபிக்க மாட்டார்.

நாளை வேலை விளம்பரத்தில் 'டிப்ளமோ ஆர் ஐ.டி.ஐ.' என்றிருக்கும். இரண்டும் படித்தவர் ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால், "ஒண்ணு மட்டுமா, ரெண்டும் ஆகுமாங்க?" என்று கேட்டுவிடுங்கள். கூச்சப்பட்டு அரியர் வைத்தவன் சொல்கிறேன், கேளுங்கள்!

– இறுதியாண்டு மாணவன், மின்னணுவியல் துறை