நாற்பது ஆண்டு ஒரே அதிபர்

யாழ்ப்பாணத்துப் பாடசாலை மலர்களில் அதிபர்களின் சேவைக்காலத்தை ஆண்டுக் கணக்கில் புகழ்வது வழக்கம். நெடுங்காலம் பதவியில் இருப்பதே ஒரு தகுதியா என்று எவரும் கேட்பதில்லை. உடுவில் மகளிர் கல்லூரியின் எலிசா அக்னியூவை முன்வைத்து அதைக் கேட்கலாம். 1807இல் நியூயோர்க்கில் பிறந்தவர் அவர்; பெற்றோர் இறந்தபின் 1839இல் கப்பலேறி, அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் வந்தார். இலங்கைக்கு அமெரிக்க மிஷன் அனுப்பிய முதல் மணமாகாத பெண்களில் அவரும் ஒருவர். 1824இல் ஹரியட் வின்ஸ்லோ உடுவிலில் தொடக்கிய, பின்னாளில் அக்கல்லூரியான பெண்கள் உறைவிடப் பாடசாலையை ஏறத்தாழ நாற்பது ஆண்டு நடத்தினார். 1879இல் ஓய்வுபெற்று, 1883இல் மானிப்பாயில் காலமானார். இடையில் ஒருதடவையேனும் தாய்நாடு போகவில்லை.

அவரிடம் படித்த பெண்கள் ஆயிரத்துக்கு மேல். அதனால்தான் மிஷன் வட்டாரத்தில் அவரை ஆயிரம் பெண்களின் தாய் என்றார்கள். வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு இருபத்தைந்து பேர் அளவில்தான் வரும். இன்றைய ஒரு வகுப்பறைகூட நிரம்பாது. ஆனால் பருவமடைந்த பிள்ளையைப் படலைக்கு வெளியே விடவே தயங்கிய சமூகத்தில், மகளை இரவு தங்கிப் படிக்க அனுப்புவது சின்ன விஷயமா? தொடக்கத்தில் படிப்பை முடித்து மணம் செய்த பெண்களுக்கு மிஷன் சீதனமே கொடுத்தது. சீதனம் முதல் தலைமுறையைக் கொண்டுவரும். அடுத்த தலைமுறை வருவதற்கு, தாய்க்குத் தெரிந்த ஆசிரியை இன்னும் அங்கேயே இருக்கவேண்டும். அக்னியூ தம் மாணவிகளின் மகள்களுக்கும், சில குடும்பங்களில் பேத்திகளுக்கும் கற்பித்தார். பெற்றோர் நம்பியது பாடத்திட்டத்தையல்ல, மாறாத ஒரு முகத்தை. ஆண்களின் உயர்கல்வி நிலையமாகப் பேர்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரி, மிஷன் தலைமையின் கொள்கை மாற்றத்தால் 1855இல் மூடப்பட்டு, 1872இலேயே யாழ்ப்பாணக் கல்லூரியாகத் திரும்பி வந்தது. உடுவில் மூடப்படவில்லை. அதற்கு அக்னியூ ஒருவரே காரணம் என்று சொல்வது மிகை. மிஷனரிகளான ஸ்போல்டிங் தம்பதியரும் பல பத்தாண்டுகள் உடுவிலிலேயே வாழ்ந்தார்கள். அவர்களையும் சேர்த்தால், என் கட்சிக்கு வலு கூடுமே தவிரக் குறையாது.

இது கல்வியா, மதமாற்றமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. அந்த ஆயிரம் பேரில் அறுநூறுக்கு மேற்பட்டோர் கிறிஸ்தவரானார்கள். செமினரியில் படித்த இளைஞர்களுக்குக் கிறிஸ்தவ மனைவியரை உருவாக்குவதை மிஷன் மறைக்கவுமில்லை. இந்த மதமாற்ற வேகத்தைக் கண்டுதான் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஆனாலும் நோக்கம் வேறு, விளைவு வேறு. பெண்பிள்ளையை விடுதியில் வைத்துப் படிப்பிக்கலாம் என்பது ஊருக்குப் பழகிவிட்டது. 1913இல் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்களுக்கென்று ஒரு கல்லூரி அமைத்தபோது, அதுவும் உடுவிலுக்குப் பக்கத்து மருதனார்மடத்தில்தான் எழுந்தது. நம்பிக்கையை எதிர்த்தவர்களும் முறையை ஏற்றுக்கொண்டார்கள்.

இதைவிடக் கனமான தடை ஒன்றுண்டு: ஒருவரே நாற்பது ஆண்டு இருந்தால் அடுத்தவர் வளர இடமேது? இதற்கு என்னிடம் முழு மறுமொழி இல்லை. அக்னியூவின் மாணவிகள் பலர் ஊர்ப் பாடசாலைகளில் ஆசிரியைகளானார்கள், ஆனால் அவர்களில் ஒருவர்கூட உடுவிலின் தலைமைக்கு வரவில்லை. அவருக்குப் பின்னும் அமெரிக்கப் பெண்களே தொடர்ந்தார்கள். குற்றம் தனியொருவருடையதல்ல, மிஷனுடையது. என்றாலும் நீண்ட பதவிக்காலம் அந்தக் குறைக்கு வசதியான மறைப்பாக இருந்தது. பெற்றோரின் நம்பிக்கையைப் பெற அக்னியூவின் நாற்பது ஆண்டு தேவைப்பட்டது என்பேன். அடுத்த அதிபரை ஊருக்குள்ளேயே தேட அத்தனை காலம் தேவைப்பட்டிருக்காது. அரியம் பரமசாமி முதல் தமிழ் அதிபராகப் பொறுப்பேற்றபோது பாடசாலைக்கு நூறு வயது தாண்டியிருந்தது.