படுக்கையிலும் குன்றாத மகிழ்ச்சி

நெல்லை மாவட்டம் டோனாவூரில் ஒரு அறை. அங்கே ஒரு பெண்மணி ஏறத்தாழ 20 ஆண்டுகள் நோயாளியாக வாழ்ந்தார். அவர்தான் எமி கார்மைக்கேல் அம்மையார்.

அயர்லாந்தில் பிறந்தவர். 1895-ல் இந்தியா வந்தார். கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த சிறுமிகளைக் காத்து வளர்த்தார்.

1931-ல் கீழே விழுந்து கால் முறிந்தது. வலி தீரவே இல்லை. அழுதுகொண்டா இருந்தார்? இல்லை, எழுதினார்!

நோயாளிகளுக்கு ஆறுதல் கூறும் நூல்கள் அவருக்கும் வந்தன. எல்லாம் உடல்நலம் உள்ளவர்கள் எழுதியவை! மனதில் ஒட்டவில்லை. ஆகவே நோயாளிக்கு நோயாளியாகத் தாமே எழுதினார். 1933-ல் அது புத்தகமாக வந்தது. வலியை அவர் மறைக்கவில்லை. ஏசு தம்முடன் இருக்கிறார் என்று நம்பினார். அந்த மகிழ்ச்சியை வலியால் பறிக்க முடியவில்லை.

1951-ல் காலமானார். கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அங்கே பறவைகளுக்காக ஒரு நீர்த்தொட்டி வைத்தார்கள்.